கிணற்று மண்ணிலிருந்து அருங்காட்சியகம் வரை: கொங்குப் பகுதித் தன்னார்வலர்களுக்கான புதைபடிவ வழிகாட்டி

சித்திரை பிறந்து குளங்கள் வற்றி, வண்டல் மண் எடுக்க ஜேசிபி இறங்கியதும் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க. டைனோசர் எலும்பாட்டமே இருக்குதுங்க." காங்கேயத்துப் பக்கம் கிணறு தூர் வாருகிறவர், தாராபுரத்துப் பள்ளி ஆசிரியர், ராசிபுரத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் மேஸ்திரி என்று பலரும் அனுப்புவார்கள். பெரும்பாலும் அது கல்லாகத்தான் இருக்கும். சில சமயம் மாட்டு எலும்பு. எப்போதாவது ஒன்று, நிபுணர் பார்த்தே ஆக வேண்டிய பொருளாக இருக்கும். அந்த ஒன்று வரும்போது அதைக் கெடுத்துவிடாமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், விவசாயிகள் என்று சேர்ந்து செய்கிற எங்கள் சின்னக் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு வாய்வழியாகச் சொல்வதெல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் காலடிப் பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் என்று கொங்கு நாட்டின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் என்ற கெட்டியான படிகப் பாறை வகை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்குச் செயற்கை நிலவு மண் தயாரித்தார்கள். ஓடு உள்ள உயிரினங்கள் கடலில் பெருகத் தொடங்கியதோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், எலும்பு உள்ளவை அதற்கும் பிறகு. நம் பாறை உருவானபோது புதைவதற்கு எலும்பே இல்லை. அதோடு, இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பல கிலோமீட்டர் கீழே வெந்து, நசுங்கி, மறுபடி படிகமாகி மேலே வந்தவை. அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மதுக்கரையில, சங்ககிரியில சுண்ணாம்புக்கல் வெட்டறாங்களே, அதுல சிப்பி இருக்காதுங்களா?" நல்ல கேள்வி. சிமெண்டுக்கு வெட்டுகிற அந்தக் கல்லும் வெந்து படிகமாகிப் போன சுண்ணாம்புக்கல்தான். உடைத்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள், சர்க்கரைக் கட்டி மாதிரி மினுங்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அப்படி மினுங்காது, சிப்பியின் வரி வரியான ஓடு தெரியும். இரண்டையும் ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

ஆகவே கொங்கு மண்ணில் தேட வேண்டிய இடம் பாறைக்கு மேலே இருக்கிற இளைய படிவுகள்தான். குளத்து வண்டல், ஓடைக்கரைச் சரளை, காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆறுகள் பழைய காலத்தில் விட்டுப்போன மணல் மேடுகள், செம்மண்ணுக்குக் கீழே கிடக்கும் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கட்டிகள். இவற்றில் கிடைக்கக்கூடியவை விலங்குப் பற்கள், எலும்புகள், நத்தை ஓடுகள், மட்டி ஓடுகள், ஆமையோட்டுத் துண்டுகள். பல கோடி ஆண்டுப் புதைபடிவத்தை நம் கையாலேயே எடுத்துப் பார்க்க ஆசையென்றால் கிழக்கே பெரம்பலூர், அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

பத்து நிமிடம் பொறுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு எலும்பு எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதன் வயதையும் சூழலையும் பற்றிப் பேச முடியும். அதைக் கழுவித் துடைத்து நடுவீட்டு மேசையில் வைத்துவிட்டு எவ்வளவு பெரிய நிபுணரைக் கூப்பிட்டாலும் அவரால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. நான் முதன்முதலில் ஓடைக்கரையில் எடுத்த தாடையெலும்பை ஆர்வத்தில் அப்படியே பையில் போட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே இடத்தைத் தேடிப் போனேன். கரை முழுக்க ஒரே மாதிரி இருந்தது. அந்தத் தாடை இன்றும் என்னிடம் இருக்கிறது. எதற்கும் உதவாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொருளை அசைக்காமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயம் போதும். முதல் படம் நெருக்கமாக, இரண்டாவது பத்தடி தள்ளி நின்று, மூன்றாவது அந்த இடமே அடையாளம் தெரிகிற மாதிரி. மரம், கரண்ட் கம்பம், கோயில் ஏதாவது ஒன்று மூன்றாவதில் விழ வேண்டும். போனில் இருப்பிடத்தைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வியர்வையிலும் மழையிலும் ஓடிவிடும்.

கிணறாக இருந்தால் விளிம்பிலிருந்து எத்தனை அடி என்று அளக்க வேண்டும். நீங்கள் உள்ளே இறங்க வேண்டாம். பாழுங்கிணற்றில் காற்று கெட்டிருக்கும், இறங்கியவர் கூப்பிடக்கூட முடியாமல் மயங்கி விழுவார். கிணறு வெட்டுகிறவரிடம் கேளுங்கள், அவருக்கு அடுக்குகள் அத்துப்படி. "மேல ரெண்டு ஆளு மட்டம் செம்மண்ணுங்க, அப்புறம் வெள்ளச் சுக்கான், அதுக்குக் கீழ சரள, அந்தச் சரளைல தானுங்க இருந்துச்சு" என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஜேசிபி ஓட்டுநரிடமும் கேளுங்கள். எந்த வாளி மண்ணில் வந்தது, அந்த வாளி எந்த மூலையில் இறங்கியது என்பது அவருக்கு நினைவிருக்கும், ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் வேறு குளத்துக்குப் போய்விடுவார்.

யாரிடம் சொல்வது

இதில் தவறினால் நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சிக்கல்தான்.

மனித எலும்பு என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு விஏஓவுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். தாழி, கல்லடுக்குக் குழி, கருப்பு சிவப்புப் பானை ஓடு, மணிகள் தெரிந்தால் அது புதைபடிவ விவகாரம் இல்லை, பழைய ஈமக்காடு. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் போன்றோர் செய்த அகழாய்வுகளில் மணி செய்த தொழிற்கூடமும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான். அப்படியொரு இடம் உங்கள் காட்டிலும் இருக்கலாம். அதை நாம் தோண்டக் கூடாது. தொல்லியல் அகழாய்வுக்கு முறையான அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். கோவை, ஈரோடு, சேலம், கரூரில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

மண்ணுக்குள் மறைந்திருந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்து 10 ரூபாய்தான் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. யானைத் தந்தம் கிடைத்தால், பழையதோ புதியதோ, வனத்துறைக்கு உடனே சொல்லிவிடுங்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 48 மணி நேரம்தான் கொடுக்கிறது. சத்தியமங்கலம், ஆனைமலை அடிவாரத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதைபடிவங்களையும் நிலவியல் மரபிடங்களையும் காப்பதற்கென்று ஒரு சட்ட வரைவை ஒன்றிய அரசு 2022இல் கருத்துக் கேட்டு வெளியிட்டது.

பாறை, படிவம் சம்பந்தப்பட்டது என்றால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை உண்டு. எந்த இடத்திலும் நிலத்துக்காரரின் சம்மதம் முதலில் வர வேண்டும். "உங்க காட்டை யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று உட்கார்ந்து பேசிப் புரியவைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். அந்தப் பயத்தால்தான் பல பொருட்கள் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி மண்ணுக்குள் போகின்றன.

இது என்ன? அடையாளம் காணுதல்

எங்களுக்கு அதிகம் வருவது சுக்கான். நம் மண்ணில் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு கீழே இறங்கி, கோடையில் தண்ணீர் ஆவியாகும்போது படிந்து உருண்டைகளாகக் கெட்டிப்படும். செத்துப்போன வேரைச் சுற்றி அது படிந்தால் குழாய் மாதிரி, கிளை கிளையாக, வெள்ளை வெளேரென்று வரும். கைகால் எலும்பென்றே நினைக்கத் தோன்றும். போன வருடம் ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் சாக்கு நிறைய அப்படிப்பட்டதைக் கொட்டிக் காட்டினார். நான் ஒன்றை எடுத்து உடைந்த முனையைத் திருப்பிக் காட்டினேன். நட்டநடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. அதற்குள் பழுப்பாகத் தூள், ஊதினால் பறக்கிற வேர்த்தூள். அதைச் சுற்றி சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி வளையம் வளையமாகச் சுண்ணாம்பு. "எலும்புல நடுவால ஓட்டை இருக்கும், ஆனா சுத்தியும் கெட்டியா ஓடு இருக்கும், உள்ள தேன்கூடாட்டம் சன்னச் சன்னக் கண்ணு இருக்கும். இதுல அது இல்ல பாருங்க" என்றேன். அவர் சாக்கிலிருந்த ஒவ்வொன்றையும் தானே உடைத்துப் பார்த்தார். ஏமாற்றம்தான். ஆனால் அவர் அதற்கப்புறம் அனுப்பிய படங்களில் சுக்கான் ஒன்றுகூட இல்லை.

எலும்பைக் கண்டுபிடிக்க நான் நம்புவது அந்தத் தேன்கூட்டைத்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே அதுதான். உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வினிகர் விட்டால் பொங்குகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். சுக்கான் பொங்கும்தான், ஆனால் எலும்பின் மேல் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் பொங்கும். அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. உதிர்ந்த சில்லில் வேண்டுமானால் பாருங்கள், பொருளின் மேலேயே ஊற்றாதீர்கள். பழுக்கச் சூடேற்றிய ஊசியைச் சில்லில் தொட்டால் முடி கருகுகிற வாடை வருகிறதா? வந்தால் அது இன்னும் கல்லாகாத எலும்பு. வாடை வரவில்லை என்பதற்காக அது படிவம் என்றாகிவிடாது.

பல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். எலும்பைவிடப் பல் நன்றாக நிலைக்கும், விலங்கைச் சொல்லிக் கொடுக்கவும் செய்யும். மாடு, எருமை, ஆடு, மான் ஆகியவற்றின் கடைவாய்ப் பல்லை மேலிருந்து பார்த்தால் பிறைநிலா மாதிரி வளைந்த எனாமல் வரிகள் தெரியும். மாட்டுப் பல்லில் அந்தப் பிறைகளுக்கு இடையில் சின்னத் தூண் ஒன்று ஓரமாக நிற்கும். ஆட்டுப் பல் உருவத்தில் சிறியது, பெரும்பாலும் அந்தத் தூண் இருக்காது. குதிரைப் பல் உயரமாக, நாலு பக்கமும் சதுரமாக, எனாமல் சுருக்கம் சுருக்கமாக மடிந்து இருக்கும். பன்றிப் பல் மேட்டு மேடாக, மனிதப் பல்லோடு குழம்புகிற மாதிரி இருக்கும். யானைக் கடைவாய்ப் பல்லில் எனாமல் தட்டுகள் அடுக்கடுக்காக, உழுத சால் மாதிரி குறுக்கே ஓடும். கறிக்கடையில் ஆட்டுத் தலை வாங்குகிறவர்கள் தாடையை வேக வைத்துக் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தின் ஒப்பீட்டுப் பெட்டியில் ஆடு, மாடு, எருமை, பன்றி, கோழி, நாய் ஆகியவற்றின் எலும்புகள் பெயர் எழுதி இருக்கின்றன. எந்தப் புத்தகப் படமும் அந்தப் பெட்டிக்கு ஈடாகாது. குளத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி ஐம்பது வருடத்துக்குள் செத்த மாடாகத்தான் இருக்கும் என்பதையும் அது கற்றுத் தரும்.

அடுத்து "கல்மரம்". கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கிற நைஸ் பாறையைப் பலரும் மரம் கல்லானது என்றே நம்புகிறார்கள். கைலென்ஸில் பட்டைக்குள் பாருங்கள். தனித்தனிப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி மினுங்கினால் பாறை. உண்மையான கல்மரத்தின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களும் அவற்றுக்குக் குறுக்கே சன்னக் கோடுகளும் வரிசை தப்பாத கண்ணறைகளும் தெரியும். நார் நாராகப் பிரிகிற கனிமங்களையும் மரம் என்று கொண்டுவருவார்கள். அவற்றைச் சுரண்டாதீர்கள், கல்நாராக இருக்கலாம், தூசி நுரையீரலுக்குக் கேடு. கல்லின் பிளவில் கறுப்பாகச் செடி படர்ந்த மாதிரி இருப்பது மாங்கனீஸ் கசிந்து படிந்தது. தண்டிலிருந்து இலை பிரிகிற ஒழுங்கு அதில் இருக்காது, பனிக்கட்டி படருகிற மாதிரி பரவும்.

முட்டை வடிவம் என்றாலே டைனோசர் முட்டை என்று பரவிவிடுகிறது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் ஆழப்படுத்தும்போது உருண்டை உருண்டையாகக் கிடைத்தவை சமூக வலைத்தளங்களில் அப்படித்தான் ஓடின. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் என்ற பழங்காலச் சுருள் ஓட்டுக் கடலுயிரியைச் சுற்றிப் படிவு கெட்டிப்பட்ட உருண்டைகள் என்றார்கள். நம் பக்கத்து உருண்டைகளோ பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உருண்டவை.

ஏற்காடு, சேர்வராயன் மலைக் கிராமங்களில் மரத்தடிக் கோயில்களில் வழவழவென்று கூர்மையான கற்களை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவை புதிய கற்காலக் கோடரிகள். படிவம் இல்லை, ஆனால் அதைவிடக் குறைந்ததும் இல்லை. படம் எடுக்க அனுமதி கேளுங்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். "எலும்பு, பாலூட்டி, பெரிய உடம்பு, கால் பகுதி" என்ற அளவில் நிறுத்துவது முழு மரியாதைக்குரிய அடையாளம்தான். "காட்டெருமை" என்று துணிந்து எழுதிவிட்டால் அடுத்து வருகிறவர் அதையே பிடித்துக்கொண்டு போவார்.

கிழக்கே ஒரு பயணம்

உண்மையான படிவங்களோடு பழகாமல் அடையாளம் காணும் கண் வராது. நாமக்கல்லிலிருந்து துறையூர் வழியாகப் பெரம்பலூர் போனால் நிலமே மாறிவிடும். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் ஏறி ஏறி இறங்கிய பகுதி அது. காரை என்ற ஊர்ப் பக்கத்து அரிநிலங்களில் மண் மஞ்சளும் சிவப்புமாக மழையில் அறுந்து கிடக்கும், ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி வெயிலில் பளபளக்கும். அதற்கிடையில் துப்பாக்கி ரவை மாதிரி பெலம்னைட் (கணவாய் இனக் கடலுயிரியின் உள் ஓடு), சுருள் சுருளாக அம்மோனைட். பெருமாள் கோயிலில் வைத்துப் பூஜிக்கிற சாளக்கிராமமும் இமயமலை அம்மோனைட்தான் என்று சொன்னதும் எங்களோடு வந்த பாட்டி ஒருவர் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டுக் களத்துக்குப் போங்கள்.

இந்தப் படிவங்களை முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் தொழில்முறை நிலவியலாளர்கள் இல்லை. 1840களில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவரும் சேகரித்து லண்டனுக்கு அனுப்ப, இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். வேறு வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்தவர்கள் அவர்கள். நம்மைப் போல.

சாத்தனூர் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சிமெண்டுச் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றிப் போகாதீர்கள், வெடி வைக்கிற நேரம் உங்களுக்குத் தெரியாது. மாணவர்களை அழைத்துப் போனால் ஆய்வாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் அந்த மேட்டில் நிழலே கிடையாது.

தோண்டும்போது

ஆய்வாளர் தலைமையில் நடக்கிற வேலையில் தன்னார்வலர் செய்யக்கூடியது நிறைய. மம்பட்டியும் கடப்பாரையும் மேல்மண்ணைத் தள்ள மட்டும். பொருளுக்கு ஒரு சாண் தூரம் வந்ததும் கரணை, பெயிண்ட் பிரஷ், மூங்கில் குச்சி. இரும்பு முனை கீறிய கோட்டை அப்புறம் கடித்த தழும்பு என்று யாராவது வாசிக்கக்கூடும், அதனால் மூங்கில்தான் நல்லது. கயிறு கட்டி ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒருவர் தோண்டட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் சலிக்கட்டும். எழுதுகிறவருக்கு மண்வாசனையே கிடைக்காது என்று இளவட்டங்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். தள்ளுகிற மண் எல்லாம் ஒரு மி.மீ. கண் சல்லடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். மீன் முள், எலிப் பல், சுறாப் பல் எல்லாம் அதில்தான் மாட்டும்.

உடையக்கூடிய பெரிய எலும்பை அப்படியே தூக்கக் கூடாது, மாவுக்கட்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை நிலவியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் பிற்பாடு உதிர்ந்துபோயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும் களத்தில் எடுத்த சில படங்களுமே. படம் எடுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

மாவுக்கட்டுப் போடும் முறை இது. எலும்பைச் சுற்றி அகழி மாதிரி மண்ணை எடுத்து, அது ஒரு மேடை மேல் நிற்கிற மாதிரி விடுங்கள். பிறகு அடிப்பக்கம் மண்ணைக் கொஞ்சம் குடைந்தால் காளான் மாதிரி வரும். முழுவதும் குடைந்துவிடாதீர்கள். எலும்பின் மேல் ஈரமான டிஷ்யூ பேப்பரை மூன்று நாலு அடுக்கு ஒட்டுங்கள், மாவு எலும்பில் நேராகப் படக்கூடாது. கோணிச்சாக்கை நாலு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவிக் கரையுங்கள், தண்ணீரை மாவில் ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். தோசை மாவுப் பதம் சரி. பட்டையை அதில் முக்கி, வழித்துவிட்டு, ஒன்றின் மேல் பாதி ஏறுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். விளிம்பு மேடையின் அடிக்குள் மடிய வேண்டும், இல்லையென்றால் புரட்டும்போது மண்ணோடு எலும்பும் கொட்டிவிடும். கெட்டியாகும்போது கட்டு வெதுவெதுப்பாகச் சுடும், அது ஆறி விரலால் தட்டினால் பானை ஓசை வர வேண்டும். அதற்குள் மேலே எண், தேதி, வடக்குத் திசை அம்பு எழுதிவிடுங்கள். பிறகு அடியை அறுத்து, ஒரே சமயத்தில் எல்லோரும் பிடித்து, ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். கட்டளை கொடுப்பது ஒரே குரலாக இருக்கட்டும். புரட்டியதும் அடிப்பக்கத்துக்கும் அதே மாதிரி மூடி போடுங்கள். மிச்ச மாவை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு

குழாயடியில் வைத்துக் கழுவுவது பெரிய தவறு. ஊறிய எலும்பு காயும்போது வெடிக்கும். நிழலில் நாள் கணக்கில் மெதுவாகக் காய வையுங்கள், பிறகு பல் தேய்க்கிற மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிடுங்கள். கெட்டியான கல்லுக்குள் இருக்கிற சிப்பியை வேண்டுமானால் தண்ணீரில் கழுவலாம்.

உதிர்கிற எலும்புக்குப் பேரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பின்னால் தேவைப்பட்டால் அசிட்டோனிலேயே கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஃபெவிகால், சூப்பர் குளூ, வார்னிஷ் எதுவும் கூடாது. வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிய பல்லைப் பெருமையோடு நீட்டுகிறவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அசிட்டோன் தீப்பிடிக்கும், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். ஆய்வாளர் கேட்டுக்கொண்டால் ஒழிய இதைத் தொடவே வேண்டாம் என்பது என் எண்ணம். மாதிரியில் எதையும் பூசாமல் இருந்தால்தான் சில ஆய்வுகள் செய்ய முடியும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பைக்குள் ஒரு சீட்டு, பைமேல் ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். பதிவேட்டில் எண், தேதி, ஊர், நில உரிமையாளர் சம்மதம், இருப்பிட எண்கள், ஆழம், மண் அடுக்கு, கண்டவர், படங்களின் எண்கள், அடையாளம், அந்த அடையாளத்தை யார் சொன்னார் என்று எல்லாம் வேண்டும். நிபுணர் பிறகு மாற்றினால் பழையதை அடிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள். சரியான இருப்பிட எண்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள், மறுநாளே கடப்பாரையோடு ஆள் வந்துவிடும்.

ஒப்படைக்கும்போது பொருள்களின் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நாங்கள் அப்படிச் செய்யாமல் கொடுத்த பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண்டெடுத்தவர் பெயரைப் பதிவேட்டிலும் அருங்காட்சியகச் சீட்டிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கிணறு வெட்டுகிறவர் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் தன் பெயரைக் காட்டினால், அடுத்த கிணற்றில் ஏதாவது தெரிந்தவுடன் வாளியை நிறுத்திவிட்டு உங்களுக்குத்தான் முதலில் போன் செய்வார்.

ஒப்படைத்த பிறகும் அந்த இடத்தைக் கைவிடாதீர்கள். ஐப்பசி மழை இரண்டு தடவை அடித்த பின், அதே நோட்டோடு, அதே கரையில் மெதுவாக நடந்து பாருங்கள். தாடையின் மறுபாதி பெரும்பாலும் அப்போதுதான் மண்ணைவிட்டு எட்டிப் பார்க்கும்.